ஆய்வுக்குப் பேட்டி கொடுத்தவர்கள், எடுத்தவர்கள்: மனதில் நிற்கிற ஒன்றை எழுதுங்கள்

ஆய்வு மாணவி

மனநல சமூகப்பணியில் பிஎச்.டி. செய்கிறேன். தீயணைப்பு நிலையங்களில் பேட்டி எடுக்கிறேன். பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கிற மனப் பாதிப்பு, இருக்கிறதா என்று பார்க்கிற பி.சி.எல்-5 கேள்வித்தாள் பற்றி இங்கே பலருக்கும் தெரியும்: 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, கூட்டினால் 31, 33 பக்கம் வந்தால் கூர்ந்து பார்க்க வேண்டும்.

டெல்டா பக்கம் ஒரு நிலையம். ஓய்வு பெறப்போகிற ஒருவர். 2004-ல் கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளித் தீக்குப் போனவர். 94 குழந்தைகள். அதைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு கேள்வியையும் படித்து, இருபதுக்கும் சைபர் போட்டார். கெட்ட கனவு, சைபர். கண்முன் திரும்ப வருவது, சைபர். சத்தத்துக்குத் திடுக்கிடுவது, சைபர். நிலைய அலுவலர் பக்கத்து மேசையிலேயே இருந்தார், அதனால்தானோ என்று நினைத்தபடி தாளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வண்டி நிற்கிற ஷெட் வரை கூடவே வந்தார். ஹோஸ் காயப்போட்டிருந்தது. அங்கே நின்று சொன்னார்:

“தாள்ல ‘கடந்த ஒரு மாதத்தில்’னு போட்டிருக்கும்மா. இது தை மாசம். எனக்கு ஒண்ணும் இல்ல. ஜூலைல வந்து கேளு.”

ஜூலையில் என்ன ஆகும் என்று கேட்டேன். “லீவு போட்டுடுவேன். 16-ம் தேதி தாண்டித்தான் வருவேன். அந்த வாரம் எங்க வீட்ல விறகடுப்பு பத்த வைக்கிறதில்ல. குளிக்கத் தண்ணி காயவைக்கக்கூட காஸ்தான். பேத்திங்களுக்கே தெரியும்.”

என் அட்டவணையில் அவருக்கு மொத்த மதிப்பெண் 0. ‘பாதிப்பு இல்லை’ என்ற பத்தியில் இருக்கிறார். வழிகாட்டியிடம் கேட்டால், தரப்படுத்தப்பட்ட கருவியில் கை வைக்கக் கூடாது என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான், ஆளாளுக்கு மாற்றினால் எதை எதோடு ஒப்பிடுவது? ஆனாலும் அந்த சைபர் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா?

ராத்திரி ஷிப்ட்

108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி., அதாவது வண்டியில் முதலுதவி பார்க்கிறவன். ஹைவே லொகேஷன். விபத்து என்ன, யார் மேல் தப்பு என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

ஒரு அம்மா. வேன் கவிழ்ந்து வெளியே வந்து விழுந்திருந்தார். மேலே பெரிய காயம் எதுவும் தெரியவில்லை, நன்றாகப் பேசினார். ஆனால் வயிறு கல் மாதிரி இருந்தது. உள்ளே ரத்தம் போகிறது என்று எனக்கும் பைலட்டுக்கும் (டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) புரிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, “தம்பி, இன்னொரு செருப்பு எங்க? புதுசுப்பா, அங்கதான் கெடக்கும், பாரு” என்றார். வண்டி நகர்ந்த பிறகும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஐ.வி. போட்டுக்கொண்டு, “எடுத்தாச்சும்மா, முன்னாடி வச்சிருக்கு” என்றேன். சரிப்பா என்றார். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைவதற்குள் போய்விட்டார்.

எங்கள் ரூட்டில் ரோட்டோரம் ஒற்றைச் செருப்பு கிடக்காத கிலோமீட்டரே கிடையாது. இப்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

பேட்டி என்று வந்தது ஒரு கல்லூரியின் கூகுள் ஃபார்ம். ‘பணியின்போது மரணத்தை நேரில் கண்டதுண்டா? ஆம் / இல்லை.’ ஆம் அழுத்தினேன். அடுத்த கேள்வி சம்பளம் பற்றி.

அதற்கு அப்புறம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வண்டியைக் கழுவினேன். ஹைப்போ போட்டுத் தரையைத் தேய்க்கிறது எங்கள் வேலைதான். தேய்த்துக்கொண்டு இருக்கும்போதே அடுத்த கேஸ் வந்துவிட்டது. பிரசவம். அதுவும் நல்லபடியாக முடிந்தது. அந்தப் பிள்ளையை நான்தான் கையில் வாங்கினேன். ஒரே ஈரத் தரையில் இரண்டும். இதை எந்த ஃபார்மில் எங்கே போடுவது?

ஓய்வு ஏட்டு

படித்தேன். வருத்தம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பெயரே கிடையாது. சுனாமிக்கு நாகப்பட்டினத்தில் பந்தோபஸ்து போட்டார்கள். குழி வெட்டுவது ஜே.சி.பி., இறக்குவது தொண்டர்கள், நான் நோட்டில் அடையாளம் எழுத வேண்டும். ‘ஆண், சுமார் 6 வயது, நீல டவுசர், இடது காலில் கறுப்புக் கயிறு.’ தாள் நனைந்து பால்பாயின்ட் பேனா எழுதவில்லை. பென்சில் வாங்கிவரச் சொன்னேன். எழுதினேன். முடிந்தது. அப்புறம் நாங்கள் வேலை பார்க்கவில்லையா, பிள்ளைகளைப் படிக்க வைக்கவில்லையா?

ஆய்வு மாணவிக்கு ஒரு விஷயம். நிலைய அலுவலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எவன் உண்மை எழுதுவான்? எங்களிடம் ஒருமுறை படிவம் கொடுத்தார்கள், மேலே ‘பெயர் வேண்டியதில்லை’ என்று இருந்தது, கீழே பி.சி. நம்பர், அதாவது ஆளைக் காட்டிக்கொடுக்கிற கான்ஸ்டபிள் நம்பர், கேட்டிருந்தது. ஆயுதப்படையில் இருக்கிற பையன் ‘தூக்கம் வருவதில்லை’ என்று எழுதினால் நாளைக்குத் துப்பாக்கி டூட்டி கொடுக்க யோசிப்பார்கள். அது அவனுக்குத் தெரியும்.

2018-ல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸோடு சேர்ந்து போலீசுக்கு நிறைவாழ்வுப் பயிற்சி என்று ஆரம்பித்தார்கள். வீட்டாரையும் கூப்பிட்டார்கள், அது நல்ல விஷயம். நான் போயிருக்கிறேன். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள்.

இப்போது 108 தம்பிக்கு. முதலில், டூட்டி முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாதே. கோயிலோ டீக்கடையோ, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ. வீட்டு வாசலிலேயே குளி. ராத்திரிச் சாப்பாட்டில் புளி வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு ரசம் வை, உடம்பில் பிடித்ததெல்லாம் இறங்கும். குடிப்பழக்கம் இருந்தால் இன்றோடு விடு, எங்கள் பேட்ச்சில் போனவர்களில் பாதிப் பேர் அதில் போனவர்கள். விடியற்காலை நட, செருப்பு இல்லாமல் நட. செல்போனைப் படுக்கையில் வைக்காதே. கல்யாணம் ஆகவில்லை என்றால் பண்ணிக்கொள். ஆகிவிட்டது என்றால் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டாதே, அவளுக்கும் தூக்கம் போகும். பழைய பேட்ச் ஆட்கள் மாதம் ஒரு தடவை கூடுங்கள், எல்லாரும் உட்கார்ந்து நடந்ததை வாய்விட்டு முழுக்கச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

பொக்லைன்

மவுலிவாக்கம் 2014, சென்னைப் பக்கம் அடுக்குமாடி இடிந்து விழுந்தது. நான் சீருடை ஆள் இல்லை, வாடகைக்கு மெஷின் ஓட்டப் போனவன். 11 மாடி, இறந்தவர்கள் 61 பேர்.

அவ்வப்போது எல்லா இன்ஜினையும் ஆஃப் செய்யச் சொல்வார்கள். அரக்கோணத்திலிருந்து வந்த மீட்புப் படைக்காரர்கள் கட்டட இடுக்கில் காது வைத்துக் கேட்பார்கள். அவ்வளவு கூட்டமும் மூச்சுக் காட்டாமல் நிற்கும். பிறகு கையைக் காட்டுவார்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட் செய்யச் சொன்னால் அந்தப் பக்கம் யாரும் குரல் கொடுக்கவில்லை என்று அர்த்தம். சாவியைத் திருப்புவது நான்.

இன்றைக்கும் மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தினால் ரேடியோ போட்டுவிடுவேன். பயிற்சி, படிவம், பேட்டி எதுவும் எங்கள் பக்கம் வந்ததில்லை.

ஸ்கார்பரோ

வணக்கம். ரொறன்ரோவில் பாராமெடிக். ஓய்வு ஏட்டு ஐயாவுக்கு முதலில் ஒரு மறுப்பு.

எல்லாரும் கூடியிருந்து நடந்ததை உடனே முழுக்கச் சொன்னால் லேசாகும் என்றுதான் 1980-களில் இருந்து உலகம் முழுக்கத் தீயணைப்பு, அம்புலன்ஸ் ஆட்களை வட்டமாக இருத்திப் பேசவைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தார்கள். தீக்காயம் பட்டவர்களிடம் செய்து 1997-ல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், ஒரு வருடம் தாண்டிப் பார்த்தபோது அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26% பேருக்கு பி.டி.எஸ்.டி., சும்மா விட்டவர்களில் 9%. பேசவைக்கப்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலேயே காயம் கொஞ்சம் கடுமை என்ற குறை அந்த ஆய்வுக்கு உண்டு. ஆனாலும் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கிளறுவது நோயைத் தடுக்கும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. நண்பர்களோடு தேத்தண்ணி குடியுங்கள், அது நல்லது. விருப்பமில்லாதவனை ‘சொல்லு, சொல்லு’ என்று நெருக்காதீர்கள்.

‘எங்கள் காலத்தில் பெயரே கிடையாது’ என்பதும் சரியில்லை. பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மருத்துவர்களின் கையேட்டில் 1980-லேயே ஏறிவிட்டது. சுனாமி 2004.

இங்கே கனடாவில் பொலிஸ், தீயணைப்பு, பாராமெடிக், சிறைக் காவலர், அவசர அழைப்பு எடுப்பவர்கள் என்று 5,813 பேரிடம் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. 44.5% பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருக்கலாம் என்று முதற்கட்டக் கேள்வித்தாள் காட்டியது. ஒன்டாரியோவில் 2016 சட்டத்துக்குப் பிறகு இந்த வேலைக்காரருக்கு பி.டி.எஸ்.டி. வந்தால் வேலையால்தான் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள், நிரூபிக்கிற பாரம் எங்கள் தலையில் இல்லை. பி.சி. நம்பர் பயம் இப்படியான இடத்தில்தான் குறையும்.

என்னுடையது சின்னக் கதை. சீனி குறைந்து மயங்கிய வயசான ஐயா ஒருவர். அடுக்குமாடி, தமிழ் வீடு. முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் உயிரோடு வந்தவர் என்று மருமகள் பிறகு சொன்னா. குளுக்கோஸ் ஏறி நினைவு திரும்பக் கண்ணைத் திறந்தார். என்னுடைய கருநீலச் சீருடை, பூட்ஸ். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். “ஐயா, நான் அம்புலன்ஸ்காரன், தமிழ்தான், கையை இறக்குங்கோ” என்றேன். இறக்கவில்லை. பிரஷர் பார்க்க வேண்டும். ஒரு கையை மெல்லப் பிடித்து இறக்கிப் பட்டியைச் சுற்றினேன். மற்றக் கை மேலேயே நின்றது.

பல்கலைக்கழகத்திலிருந்து சூமில் பேட்டி எடுத்த பெண் நல்லவர். ஆகக் கடினமான அழைப்பு எது என்று கேட்க, இதைச் சொன்னேன். அவருடைய பட்டியலில் குழந்தை மரணம், சக ஊழியர் மரணம், வன்முறை எல்லாம் இருந்தன. இது எதிலும் அடங்கவில்லை. ஒருவரும் சாகவில்லை, ரத்தமும் இல்லை. ‘மற்றவை’ என்ற கட்டத்தில் போட்டார்.

ஆர்மி வீட்டம்மா

சிங்கம்புணரி பக்கம். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர், காஷ்மீரில் இரண்டு தடவை இருந்தவர். முன்னாள் ராணுவத்தினர் பற்றி ஆய்வு என்று ஒரு பையன் வந்தான். “தூக்கம் எப்படி சார்?” “ஃபர்ஸ்ட் கிளாஸ்.” நான் காபி டம்ளரோடு நிற்கிறேன். இந்த மனுஷன் கட்டிலில் படுத்து வருஷக் கணக்காகிறது. திண்ணையில், சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துதான் தூக்கம்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னாடியே பையைத் தூக்கிக்கொண்டு கொள்ளுக்குடிப்பட்டிக்கு பஸ் ஏறிவிடுவார். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காக அங்கே வெடி போட மாட்டார்கள். அங்கே எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு. ‘கொக்கு பார்க்கப் போறேன்’ என்பார். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அப்பாவுக்குப் பறவை என்றால் உயிர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பையன் போனபிறகு ஏன் பொய் சொன்னீர்கள் என்றேன். பட்டாளத்தில் உடம்புக்கு ‘ஷேப்’ என்று தரம் போடுவார்களாம், அதில் முதல் எழுத்து எஸ் மனசுக்கானது. அதில் இறங்கினால் ப்ரமோஷன் போச்சு என்று எல்லாருக்கும் பயம். “அதான் இப்ப ரிட்டயர்டு ஆயாச்சே” என்றேன். “பழக்கம்” என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

என்னிடம் அந்தப் பையன் கேட்டது ஒன்றுதான். சர்க்கரை போடாமல் காபி கிடைக்குமா அக்கா என்று.

ஏட்டய்யா, கொள்ளு ரசம் நானும் வைத்துப் பார்த்தேன். வாயுதான் பிடித்தது.

ஓய்வு ஏட்டு

ஸ்கார்பரோ தம்பி, புத்தகத்தில் பெயர் 1980-ல் வந்திருக்கலாம். நாகப்பட்டினத்தில் யாரும் எனக்குப் புத்தகம் கொண்டுவந்து காட்டவில்லை. 26, 9 என்பதெல்லாம் தீக்காயம் பட்டவர்களைப் பற்றியது, எங்களைப் பற்றியது அல்ல. கொள்ளு ரசத்தில் பூண்டு தட்டிப் போட வேண்டும், அப்போது வாயு பிடிக்காது.

ராத்திரி ஷிப்ட்

ஏட்டய்யா, செருப்பு இல்லாமல் நடக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் எழுதியதைப் படித்தீர்களா?

ஆய்வு மாணவி

எல்லாருக்கும் நன்றி. ஏட்டய்யா சொன்ன பிறகு அடுத்த நிலையத்தில் அலுவலரிடம் கேட்டுத் தனி அறை வாங்கினேன். அந்த அலுவலரே பிறகு தனியாக வந்து ஒரு தாள் வாங்கிக்கொண்டு போனார்.

20 கேள்வியில் கை வைக்கவில்லை. பின்னால் தனித்தாள் ஒன்று இணைக்க வழிகாட்டி சம்மதித்திருக்கிறார். வருடத்தில் எந்த மாதம் கஷ்டம், அப்போது வீட்டில் என்ன மாறும், கடைசி கேஸுக்கும் அடுத்த கேஸுக்கும் நடுவில் என்ன செய்தீர்கள் என்று மூன்றே கேள்வி. நெறிமுறைக் குழு அனுமதி வர வேண்டும். பொக்லைன் அண்ணா, சீருடை இல்லாதவர்களைச் சேர்க்க இந்த ஆய்வில் இடமில்லை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, திரும்பவும் கேட்கப்போகிறேன்.

ஓய்வு ஏட்டு

தனித்தாளில் நம்பர் கேட்காதே. கையெழுத்தை வைத்தும் கண்டுபிடிப்பார்கள், டிக் அடிக்கிற மாதிரி வை.

ஆர்மி வீட்டம்மா

வீட்டுக்காரிகளுக்கும் ஒரு தாள் போடும்மா. தபாலில் மட்டும் அனுப்பாதே. எங்கள் வீட்டில் தபாலை அவர்தான் பிரிப்பார்.