உப்புப் போடாத கருவாடு

குழு: எங்கட வீட்டார்
ஜூலை, வியாழக்கிழமை

மாலா, 9:12
ஹொன்னிங்ஸ்வோக் வந்து சேர்ந்துவிட்டோம். நோர்வேயின் வட கோடிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். வட அகலாங்கு 70 பாகை 58 கலை என்று கப்பல் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். இரவு முழுக்க வெயில். திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் படுத்தோம்.

அம்மா, 9:15
இரவில் வெயிலோ? சாப்பிட்டாயா பிள்ளை? காதை மூடிக் கட்டு.

துளசி, 9:16
பனிக்கரடி படம் போடுங்கோ அக்கா 😄

மாலா, 9:20
நீ ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள், நீயே கேட்கலாமா? பனிக்கரடி இன்னும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளில். இங்கே கடலில் ஒரு பனிக்கட்டிகூட இல்லை. தெற்கிலிருந்து வருகிற சூடான நீரோட்டத்தால் மாரியிலும் துறைமுகம் உறையாதாம். ஆனால் மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. மலை, புல், பாறை, அதன் அடியில் சிவப்பும் மஞ்சளுமாக வீடுகள். ஊர்ச்சனம் 2,000-க்குக் கொஞ்சம் கூட. கப்பலில் நாங்கள் அதைவிடக் கூட. இறங்கி நடக்கவே ஒரு மாதிரிக் கூச்சமாக இருக்கிறது.

மாலா, 9:21
இவர் கப்பல்காரர் விற்ற பஸ் பயணத்தில் நோர்ட்காப் போய்விட்டார். விலையைச் சொன்னால் அம்மாவுக்கு மயக்கம் வரும். நான் ஊருக்குள் நிற்கிறேன்.

சிவா, 10:48
நோர்ட்காப். ஐரோப்பாவின் வட முனை. அந்தப் புகழ்பெற்ற இரும்பு உலக உருண்டைக்கு முன்னால் நான். 📷

துளசி, 10:50
உருண்டை எங்கே அத்தான்? வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கு.

சிவா, 10:51
மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. 307 மீட்டர் செங்குத்துப் பாறையாம், கீழே கடலாம். எல்லாம் சொல்லக் கேட்டதுதான்.

குஞ்சியப்பா, 11:02
சிவா, அது வட முனையும் இல்லை. பக்கத்தில் க்னிவ்ஷெலொட்டன் என்று ஒரு தட்டையான நாக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் இன்னும் வடக்கே நீள்கிறது. அங்கே பஸ் போகாது, ஒரு வழிக்கே 9 கிலோமீட்டர் நடை. அப்புறம், நீர் நிற்பது தீவு. பெருநிலத்தின் முனை கிழக்கே வேறு இடத்தில். நோர்ட்காப் பாறை பார்க்க எடுப்பாக இருக்கும், அதனால் பெயர் அதற்குப் போய்விட்டது.

சிவா, 11:03
காசு கட்டின பிறகு சொல்லுங்கோ மாமா.

சிவா, 11:20
சரி, இங்கே பார்வையாளர் மண்டபத்துக்குள் ஒரு சின்னத் தாய்லாந்து அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்களுடைய சுலாலங்கோர்ன் மன்னர் 1907-இல் இங்கே வந்து பாறையில் தன் முத்திரையைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் ரோடு இல்லை, அது 1956-இல்தான். கீழே குடாவில் இறங்கி மலையில் ஏற வேண்டும். அரசரே ஏறியிருக்கிறார், நான் பஸ்ஸில் வந்துவிட்டு முறைப்பாடு சொல்கிறேன்.

மாலா, 12:05
நான் தேவாலயத்தில் இருக்கிறேன். வெள்ளை மரக் கட்டடம், 1885-இல் கட்டியது. இந்த ஊரில் அதைவிடப் பழையதாக எதுவும் கண்ணில் படவில்லை. ஏன் என்று ஊர் அருங்காட்சியகத்தில் விளங்கியது. 1944-இல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது சோவியத் படைக்கு ஒரு கூரையும் மிஞ்சக்கூடாது என்று பின்மார்க் என்கிற இந்த மாகாணத்தில் ஏறத்தாழ எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போயிருக்கிறது. சனத்தைக் கப்பலேற்றித் தெற்கே அனுப்பினார்கள். இங்கே மிஞ்சியது இந்த ஒரு கட்டடம். திரும்பி வந்த ஆட்கள் முதலில் இதற்குள்தான் படுத்து எழும்பியிருக்கிறார்கள். வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

அம்மா, 12:11
நாங்கள் 95-இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து மீசாலைப் பள்ளிக்கூடத்தில் இருந்தோமே, அது மாதிரி.

மாலா, 12:12
ஓம் அம்மா. எனக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது.

மாலா, 12:40
துறைமுகத்தில் ஒரு நாய்க்குச் சிலை! பெயர் பம்ஸே, செயின்ட் பேர்னார்ட் சாதி. இந்த ஊர்க் கப்டனின் நாய். போரில் கப்பலோடு ஸ்கொட்லாந்து போய், பஸ் பாஸைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தனியாக பஸ் ஏறி, தவறணையில் கிடக்கிற மாலுமிகளைக் கூட்டிக்கொண்டு வருமாம். 📷

சிவா, 12:44
எனக்கு மூடுபனி, இவவுக்கு நாய். 😑

மாலா, 13:30
குஞ்சியப்பா, கடையில் இந்த மீன் தொங்குகிறது. விறகுக் கட்டை மாதிரி இருக்கிறது, தட்டினால் டொக் டொக் என்கிறது. கருவாடுதானே? 📷

குஞ்சியப்பா, 13:41
அது தொர்ஃபிஸ்க். உப்பே போடாத கருவாடு. மாசி மாதத்திலிருந்து கொட் மீனைச் சோடி சோடியாக வாலில் கட்டி மரச் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். காற்றும் குளிரும்தான் காய வைக்கிறது, இலையான் வர முதல் வேலை முடிந்துவிடும். தலையைத் தனியாகக் காய வைத்து நைஜீரியாவுக்கு ஏற்றுவார்கள், அங்கே சூப்புக்கு. கொட்டின் நாக்கை வெட்டி விற்பது சின்னப் பிள்ளைகளின் கைச்செலவுக் காசு.

குஞ்சியப்பா, 13:52
ஹொன்னிங்ஸ்வோக்குக்கு நானும் ஒருக்கா வந்தேன், 89-இல், ஒரு கூட்டாளியைப் பார்க்க. அப்போது கடலுக்கு அடியில் சுரங்கப் பாதை இல்லை, அது 1999-இல் வந்தது. ஃபெரியில்தான் போக வேணும். நான் இருந்தது கிழக்கே ஒரு மீன் ஊரில். அந்தக் காலத்தில் பின்மார்க் மீன் ஆலைகளில் எங்கட பெடியள் நிறைய. ஊர்ச்சனம் தெற்கே போய்விடும், எங்களுக்கு வேலை கிடைக்கும்.

அடியில் வெளிச்சம் எரிகிற ஒரு மேசை. அதில் மீன் துண்டை விரித்தால் உள்ளே இருக்கிற புழு நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் கிள்ளி எடுத்து அடுத்த துண்டு. எட்டு மணித்தியாலம். நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரி கடைசியில்தான் முகம் காட்டும். அந்த இரண்டு மாதமும் நான் பார்த்த வெளிச்சம் அந்த மேசை வெளிச்சம்தான்.

துளசி, 13:55
அப்பா, இதை எனக்குச் சொன்னதே இல்லை நீங்கள்.

குஞ்சியப்பா, 13:56
நீ கேட்கவில்லை.

அம்மா, 14:03
தம்பி, 88-இல் நீர் எழுதின கடிதத்தில் "ஏற்றுமதிக் கொம்பனியில் உத்தியோகம்" என்றுதானே இருந்தது?

குஞ்சியப்பா, 14:05
பொய் இல்லையே மச்சாள். மீன் ஏற்றுமதிதானே.

துளசி, 14:05
😂😂

சிவா, 17:20
கப்பல் ஆறு மணிக்கு வெளிக்கிடுகிறது. மாலா அந்தக் கட்டையை வாங்கிவிட்டா. பை சோதிக்கிற இடத்தில் காவலாளி அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே விட்டான். மூன்று உறையில் சுற்றியும் அறை முழுக்க மணம். இன்னும் ஐந்து இரவு.

குஞ்சியப்பா, 17:26
மாலா, ஒரு கிழமை குளிர்நீரில் ஊறவிடு, தினமும் தண்ணீர் மாற்று. பிறகு மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டல் வை. அவசரமென்றால் சுத்தியலால் அடித்து, நார் நாராகக் கிழித்து, பட்டரோடு சாப்பிடு.

மாலா, 17:28
கப்பலில் சுத்தியலுக்கு எங்கே போவேன் குஞ்சியப்பா!

அம்மா, 17:40
தம்பி, அந்தக் கடிதம் அலுமாரியில் கிடக்கிறது. படம் எடுத்துப் போடட்டோ?

குஞ்சியப்பா, 17:41
வேண்டாம் மச்சாள்.

துளசி, 17:41
போடுங்கோ பெரியம்மா, போடுங்கோ!!

அம்மா, 17:49
பொறுங்கோ, கண்ணாடியைத் தேடுகிறேன்.