வாலட்டில் மீதி 412

குழு: தோட்டத்து வீட்டுச் சொந்தங்கள்
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

காலை 7:12
ராமசாமி பெரியப்பா: (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது) அவசரம்!! இந்தியாவில் எல்லா ஆன்லைன் கேமும் தடை. செல்போனில் கேம் விளையாடினால் 3 வருடம் ஜெயில், 1 கோடி அபராதம். பெற்றோர்களே உஷார். பத்து பேருக்கு அனுப்பவும்.

7:19
அரவிந்து: பெரிய மாமா, பிஜிஎம்ஐயுமா?? நேற்று ராத்திரிகூட விளையாடினேனே

7:20
ராமசாமி பெரியப்பா: எல்லாம் என்றால் எல்லாம்தான். போய் ப்ளஸ் டூ கணக்கைப் போடு.

7:31
திவ்யா: அப்பா, வீட்டிலேயே ஒருத்தி சட்டம் படிக்கிறாள். அனுப்பும் முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திவ்யா: அரவிந்து, பயப்படாதே. புதிய மத்தியச் சட்டத்தில், பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடுகிற ஆட்டத்துக்குத்தான் தடை. பிஜிஎம்ஐ மாதிரி போட்டி விளையாட்டை, இ-ஸ்போர்ட்ஸ் என்று அதே சட்டம் அங்கீகரிக்கிறது. 3 வருடமும் 1 கோடியும் ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு. விளம்பரம் செய்தால் 2 வருடம், 50 லட்சம். விளையாடுகிறவனுக்குத் தண்டனையே இல்லை.

7:33
அரவிந்து: அப்பாடா

7:34
முருகேசு மாமா: அப்பாடா எல்லாம் அப்புறம். ராத்திரி எத்தனை மணி வரைக்கும் விளையாடினாய்?

7:52
கார்த்தி: பெங்களூரில் இரண்டு நாளாக இதே பேச்சுதான். 20ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் கையெழுத்து. நம்ம ஊரில் குழாய் இணைப்புக்கு மனு கொடுத்தால்கூட இவ்வளவு வேகம் வராது. என் ரூமில் இருப்பவன் அப்படி ஒரு கம்பெனியில்தான் வேலை. வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

7:55
ராமசாமி பெரியப்பா: ஊரான் பணத்தைச் சூதில் இழுத்துத் தின்ற கம்பெனி. போகட்டும்.

7:58
கார்த்தி: பெரியப்பா, அந்தச் சூதில் அரசாங்கத்துக்கும் பங்கு போனதே. 2023 அக்டோபரிலிருந்து உள்ளே போடும் பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி. இந்திய கிரிக்கெட் அணி ஜெர்சியில், பணம் கட்டி ஆடுகிற ட்ரீம்11 ஆப் பெயர். 2020இல் ஐபிஎல்லுக்கே அவர்கள் பெயர்தான். அப்போது எல்லாம் தப்பாகத் தெரியவில்லையா?

8:04
முருகேசு மாமா: ரம்மி சூது இல்லை, திறமை ஆட்டம் என்று கோர்ட்டே சொன்னதாகக் கேள்விப்பட்டேனே, திவ்யா?

8:11
திவ்யா: ஆமாம் மாமா, 1967இல் உச்ச நீதிமன்றம். செகந்திராபாத்தில் ஒரு கிளப் வழக்கு. எந்தச் சீட்டு விழுந்தது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு ஆட வேண்டும், அதனால் ரம்மி திறமை ஆட்டம், மூன்று சீட்டு மாதிரி இல்லை என்றது. அந்த ஒரு தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஆப்காரர்கள் இத்தனை வருடம் ஓட்டினார்கள். நம்ம தமிழ்நாட்டுச் சட்டத்தை 2021இல் ஐகோர்ட் ரத்து செய்தது. மறுபடி போட்ட சட்டத்தை 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டசபை திரும்ப நிறைவேற்றி ஏப்ரலில் ஒப்புதல் வாங்கியது. நவம்பரில் ஐகோர்ட், ஒழுங்குபடுத்தலாம், ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடை செய்யக் கூடாது என்றது. புதிய மத்தியச் சட்டம் இந்தத் திறமை, அதிர்ஷ்டப் பஞ்சாயத்துக்கே போகவில்லை. பணம் வைத்து ஆடினால் தடை, அவ்வளவுதான்.

8:20
முருகேசு மாமா: கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து ஆடுவோமே, அதில் திறமை உண்டு. ஒப்புக்கொள்கிறேன். மச்சான் கையில் ஜோக்கர் வந்தால் மீசையைத் தடவுவார், நான் உடனே ஸ்கூட், அந்த ஆட்டத்தையே விட்டுவிடுவேன். போனில் யார் மீசையைப் பார்ப்பது? எதிரே இருப்பது ஆளா மெஷினா என்றே தெரியாது.

8:21
ராமசாமி பெரியப்பா: மாப்பிள்ளை, அது முப்பது வருடத்துக்கு முன்னால்.

8:22
திவ்யா: அப்பா??

8:40
சாந்தி சின்னம்மா: (குரல் பதிவு, 1:06)

8:46
அரவிந்து: அத்தை சொல்வது, குரல் பதிவு கேட்க நேரம் இல்லாதவர்களுக்கு: 2003க்கு முன்னால் அவங்க அப்பா மில் சம்பளம் வாங்கிய அன்றே பத்து லாட்டரிச் சீட்டு வாங்குவாராம். அம்மா ஜெயலலிதா லாட்டரியை நிறுத்திய பிறகுதான் வீட்டுக்கு ஓடு மாற்ற முடிந்ததாம். அதனால் தடை நல்லதாம்.

8:53
கார்த்தி: சின்னம்மா, நல்லதுதான். ஆனால் வாளையார் தாண்டினால் கேரள அரசே லாட்டரி விற்கிறது. இங்கேயும் மூன்று நம்பர் லாட்டரி திருட்டுத்தனமாக ஓடத்தான் செய்கிறது. போனுக்கு வாளையார்கூட வேண்டாம். எங்கேயோ ஒரு வெளிநாட்டில் சர்வரை வைத்துக்கொண்டு, டெலிகிராமில் லிங்க் அனுப்புவான். அவன் ஜிஎஸ்டியும் கட்ட மாட்டான், ஆதாரும் கேட்க மாட்டான்.

8:57
திவ்யா: அதை முடக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பேங்க் பணப் பரிமாற்றத்தையும் நிறுத்தலாம்.

8:58
கார்த்தி: ஒன்றை முடக்கினால் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி ஒன்பது முளைக்கும்.

9:16
செந்தில்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

9:17
முருகேசு மாமா: மாப்பிள்ளை, நான் படித்துவிட்டேன்.

9:17
முருகேசு மாமா: கேம் ஆப் வாலட்டில் இருக்கிற பணம் திரும்ப வருமா என்று கேட்டிருந்தாய்.

9:18
ராமசாமி பெரியப்பா: என்ன வாலட்? யார் வாலட்?

9:40
செந்தில்: என்னுடையதுதான் பெரியப்பா. மீதி 412 ரூபாய் இருக்கிறது.

9:41
ராமசாமி பெரியப்பா: போனது எவ்வளவு?

9:44
செந்தில்: ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். ஒன்றரை வருடத்தில்.

9:52
கார்த்தி: அண்ணா, போனில் கூப்பிடட்டுமா? இங்கே வேண்டாம்.

9:53
செந்தில்: இல்லை, எழுதிவிடுகிறேன். பேசினால் வாய் வராது. ஆரம்பத்தில் 50 ரூபாய் போனஸ் கொடுத்தான். முதல் வாரம் 2,300 ஜெயித்தேன். அந்த 2,300ஐப் பிடிக்கத்தான் இத்தனையும். எல்லோரும் தூங்கிய பிறகு, பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டு போர்வைக்குள் ஆடுவேன். ராத்திரி ஒரு மணிக்கு மேல் தோற்றால் அது பணமாகவே தெரியாது, வெறும் நம்பர்தான்.

9:56
செந்தில்: இந்த வருடம் பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு, ராத்திரி 12 முதல் காலை 5 வரை ஆப் திறக்கக் கூடாது என்று விதி போட்டது. முதல் வாரம் 5 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஆடினேன். அடுத்த வாரம் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். நிஜமாகச் சொல்கிறேன், அப்போதுதான் முதல் தடவையாகக் கணக்குப் பார்த்தேன். பார்த்த பிறகு பகலில் ஆடவும் கை வரவில்லை.

9:59
திவ்யா: அந்த விதியை எதிர்த்துத்தான் கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஜூன் மாதம் ஐகோர்ட் விதி செல்லும் என்றது. செந்தில் அண்ணா, அந்தத் தீர்ப்பைப் பரீட்சைக்காகத்தான் படித்தேன்.

10:02
ராமசாமி பெரியப்பா: ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்பா இல்லை என்றால் நான் இல்லையா?

10:03
செந்தில்: சொல்கிற மாதிரியா பெரியப்பா? அம்மா சங்கிலியை பாலிஷ் போடுகிறேன் என்று வாங்கிப் போய் அடகு வைத்திருக்கிறேன்.

10:04
கார்த்தி: அண்ணா, சின்னம்மா இந்தக் குழுவில் இருக்கிறார்கள்

10:04
செந்தில்: தெரியும்டா.

10:21
சாந்தி சின்னம்மா: ரசீதை உன் பச்சைச் சட்டைப் பையில் மார்ச்சிலேயே பார்த்தேன் சாமி. துவைக்கும்போது நனைந்துவிட்டது, காயவைத்து எடுத்து வைத்தேன். வட்டி நான்தான் கட்டிக்கொண்டு வருகிறேன். பால் காசில்.

10:22
முருகேசு மாமா: தங்கச்சி...

10:30
கார்த்தி: அண்ணா, வெளிநாட்டு லிங்க் ஏதாவது வந்ததா?

10:31
செந்தில்: நேற்று சாயங்காலம் வந்தது. ஆப்பை நேரடியாக இன்ஸ்டால் செய்கிற ஏபிகே ஃபைல். நூறு சதவீத போனஸ், ராத்திரி பகல் எப்போதும் திறந்திருக்கும் என்று. இன்னும் இன்ஸ்டால் செய்யவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. அதனால்தான் இன்றைக்கு உங்கள் பேச்சைப் படித்துக்கொண்டே இருந்தேன்.

10:32
கார்த்தி: தொட வேண்டாம். அந்த ஃபைல் உன் எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாவற்றையும் படிக்கும். அழித்துவிட்டு அனுப்பியவனை பிளாக் செய். பணம் ஏதாவது போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடு.

10:33
திவ்யா: பழைய ஆப்பில் கேஷ் ஆட்டம் நின்றாலும் மீதியை எடுக்கலாம் என்று பெரிய கம்பெனிகள் அறிவித்திருக்கின்றன. வித்ட்ரா கொடுத்துப் பாருங்கள். வந்ததும் கணக்கை மூடிவிடுங்கள்.

10:58
செந்தில்: (படம்) வித்ட்ரா கொடுத்துவிட்டேன். ஃபைலையும் அழித்துவிட்டேன்.

11:05
ராமசாமி பெரியப்பா: மாலையில் தோட்டத்துக்கு வா. ரசீதையும் கொண்டு வா. கடைக்கு நான் வருகிறேன்.

11:06
அரவிந்து: பெரிய மாமா, காலையில் அனுப்பியதை எல்லோருக்கும் அழித்துவிடலாமே? தப்புச் செய்தி

11:07
ராமசாமி பெரியப்பா: எப்படி அழிப்பது?

11:15
முருகேசு மாமா: வியாழக்கிழமை மண்டபத்துக்குச் சீட்டுக் கட்டு எடுத்து வரலாம் என்று நினைத்திருந்தேன்...

11:16
சாந்தி சின்னம்மா: கையில் சீட்டுக் கட்டைப் பார்த்தேன் என்றால் உங்களுக்குப் பந்தியில் இலை கிடையாதுங்க அண்ணா.

மாலை 6:42
செந்தில்: 412 வந்துவிட்டது.

6:43
சாந்தி சின்னம்மா: வரும்போது சின்ன வெங்காயம் ஒரு கிலோ வாங்கி வா.