மறு: லேசர் டையோடு டிரைவர் – ‘இயக்கி’யா, ‘சீரோட்டி’யா?

நண்பர்களுக்கு வணக்கம்.

லேசர் டையோடுக்கு (லேசர் ஒளியைத் தரும் சிறு குறைக்கடத்திக்கு) மின்சாரம் ஊட்டும் ‘டிரைவர்’ சுற்றுக்குத் தமிழில் ‘லேசர் இயக்கி’ என்று இந்த இழையில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. பிரிண்டருக்கான மென்பொருளும் இயக்கி, மோட்டார் சுற்றும் இயக்கி. இந்தச் சுற்றுக்கே உரிய வேலை அந்தப் பெயரில் தெரியவில்லை.

மதுரைப் பக்கம் திருவிழாவுக்குச் சீரியல் செட் கட்டும் பையன்கள் இப்போது லேசர் புரொஜெக்டரும் செய்து பார்க்கிறார்கள். அவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “எத்தனை வோல்ட்டுண்ணே?” பல்புக்கு அது சரியான கேள்வி. லேசர் டையோடுக்கு எத்தனை மில்லியாம்பியர் என்றுதான் கேட்க வேண்டும். வோல்ட்டை மட்டும் நிலையாக வைத்தால், டையோடு சூடாகச் சூடாக அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் இன்னும் சூடாகும். அளவு மீறினால் ஒளி வெளிவரும் முகப்பு கண்ணிமைக்கும் முன்பே கருகிவிடும். அதற்குப் பிறகும் சாதா எல்இடி போல மங்கலாக எரிவதால், லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து அதையே திருகிக்கொண்டிருப்பார்கள்.

‘மாறா மின்னோட்ட மூலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பாடநூலுக்குப் பொருந்தும். ஆனால் புரொஜெக்டரில் படத்தின் நிறத்துக்கேற்ப 0 முதல் 5 வோல்ட் வரையிலான சைகை (சிக்னல்) வந்து மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறதே! அங்கே ‘மாறா’ என்பது பொய்யாகிவிடும். சொன்ன அளவை மீறாமல் ஓட்டுவதுதான் இதன் வேலை.

ஆகவே ‘சீரோட்டி’ என்று முன்வைக்கிறேன். டிரைவர் என்பதற்கு ‘ஓட்டி’ வந்துவிடுகிறது. மின்னோட்டத்தின் ஓட்டமும் அதிலேயே இருக்கிறது. நீர், காற்று ஆகியவற்றின் ஓட்டத்தை ஆராயும் பாய்மவியலில் வரும் வரிச்சீர் ஓட்டத்தோடு (சுழலில்லாத சீரான ஓட்டம்) குழம்பவும் வழியில்லை.

சொல் புழங்குகிறதா என்று இப்படி எழுதிப் பார்த்தேன்:

“எல்எம்317 என்ற மின்னழுத்தச் சீராக்கிச் சில்லின் அவுட் (வெளியீட்டு) காலுக்கும் அட்ஜ் (சரிசெய்யும்) காலுக்கும் இடையில் 5 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் அது 250 மில்லியாம்பியர் சீரோட்டி ஆகிவிடும் (அந்த இரு கால்களுக்கிடையே அது நிலையாக வைக்கும் 1.25 வோல்ட்டை 5 ஓமால் வகுக்கவும்). சீரோட்டியில் மின்சாரம் இருக்கும்போது டையோடைக் கழற்றி மாட்டாதீர்கள். சுமை இல்லாதபோது வெளியீட்டு மின்தேக்கி முழு வோல்ட்டுக்கும் ஏறி நிற்கும். திரும்ப மாட்டிய நொடியில் அத்தனையும் டையோடுக்குள் பாயும். பற்றவைக்கும்போது டையோடின் கால்களை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றி ஷார்ட் செய்து வையுங்கள். சீரோட்டியோடு இணைத்து, மின்தேக்கியில் ஏறி நிற்கும் மின்னூட்டத்தை இறக்கிய பிறகே கம்பியை எடுங்கள்.”

படிக்கத் தடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு சொல்லும் வேண்டும். லேசர் டையோடு தலைகீழ் மின்னழுத்தத்தை அதிகம் தாங்காது, பல வகைகளில் 2 வோல்ட்தான். அதனால் பக்கத்திலேயே ஒரு சிலிக்கான் டையோடைத் திருப்பிப் போடுகிறோம். அதற்கு ‘எதிரிணை டையோடு’ என்று எழுதி வருகிறேன். ‘காப்பு டையோடு’ என்றால் மின்னழுத்தம் அளவு மீறாமல் தடுக்கும் ஜீனர் டையோடையும் சேர்த்துக் குறித்துவிடுகிறது. இதைவிடப் பொருத்தமானது இருந்தால் எழுதுங்கள், சொற்பட்டியலில் இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிடலாம்.