நெய்வேலிக் காட்டாமணக்கு: கார்னியாவா, ஃபிஸ்டுலோசாவா?

கேள்வி
நெய்வேலிக் காட்டாமணக்கு எனப்படும் ஐப்போமியா கார்னியாவில் கார்னியா, ஃபிஸ்டுலோசா என இரண்டு துணைச் சிற்றினங்கள் உண்டு. பூவோடு அழுத்தி உலர்த்திய இரண்டு கிளைகள் கையில் உள்ளன. இரண்டிலும் இளஞ்சிவப்புப் புனல் பூ, தொண்டை மட்டும் அடர்நிறம். ஒன்றில் இலை நீளம், மற்றதில் அகலம். பூவை வைத்துப் பிரிக்கலாமா?

பதில் 1
பூவை விட்டுவிடுங்கள். நிறமும் புனல் வடிவமும் இரண்டுக்கும் பொது. உலர்ந்தால் நிறமும் மாறிவிடும். விதையின் நீண்ட பழுப்பு மயிரும் பயன்படாது.

முதலில் பார்க்க வேண்டியது வளரும் விதம். ஃபிஸ்டுலோசா நிமிர்ந்த புதர்; 2 முதல் 3 மீட்டர் வரை போகும், நீர்நிலைக் கரைகளில் மண்டிக் கிடப்பது இதுதான். கார்னியா கட்டைத்தண்டுள்ள கொடி, பற்றுகோலைச் சுற்றி ஏறும்.

அடுத்தது இலை. காம்பு சேரும் இடத்திலிருந்து நுனிவரை நீளம், மிக அகன்ற இடத்தில் அகலம். நீளம் அகலத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, நுனி நீண்டு கூர்ந்திருந்தால் ஃபிஸ்டுலோசா. நீளமும் அகலமும் கிட்டத்தட்டச் சமமாக, வட்டத்தை ஒட்டிய இதய வடிவில் இருந்தால் கார்னியா.

பதில் 2
எந்த இலையை அளக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஃபிஸ்டுலோசாவை வெட்டிவிட்டால் அடியிலிருந்து துளிர்க்கும் கிளையில் இலை அகன்றும் வரலாம். பூக்கும் கிளையில், கொழுந்திலிருந்து கீழே முற்றிய இலைகளாக ஐந்தை அளந்து சராசரி எடுங்கள்.

நிழலில் நீண்டு அடுத்த செடிமேல் சாய்ந்த கிளையைக் கொடி என்று எழுதிவிடுவதும் உண்டு. சாய்வது வேறு, சுற்றுவது வேறு. கொழுந்து பற்றுகோலை முழுச்சுற்றாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிஸ்டுலோசா என்ற பெயர் தண்டு குழல்போல் உள்ளீடற்று இருப்பதைக் குறிப்பது. ஆனாலும் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், இளங்கிளையில் அது தெளிவாகத் தெரியாது.

கேட்டவர்
அளந்துவிட்டேன். முதலாவது 17 × 8 செ.மீ. இரண்டாவது 11 × 9. அதில் இருப்பவை மேல் இலைகள் மட்டுமே, கொழுந்து ஒடிந்துவிட்டது.

பதில் 1
முதலாவது ஃபிஸ்டுலோசா. இரண்டாவதின் விகிதம் 1.2தான், கார்னியா பக்கம் சாய்கிறது. ஆனால் கொழுந்தும் இல்லை, செடி நின்ற விதமும் குறிப்பில் இல்லை. கிளையை ஒட்டிவைக்கும் தாளில் ‘ஐப்போமியா கார்னியா’ என்று மட்டும் எழுதுங்கள். அதே செடியிலிருந்து நுனியோடு இன்னொரு கிளை எடுத்து, நிமிர்ந்ததா, சுற்றியதா, எத்தனை மீட்டர் என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வெட்டினால் வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.