தவணை தவறினால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வண்டியைத் தூக்கலாமா?

நான்காம்கியர்:
தவணை கட்டாதவரின் வண்டியைக் கடன் கொடுத்தவர் எடுத்துச் சென்றால் ‘திருட்டு’ என்று கூச்சலிடுகிறார்கள். தவணைமுறைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டி முடியும்வரை நிதி நிறுவனமே உரிமையாளர். 2020இல் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதிசெய்தது. தன் பொருளை எடுப்பது எப்படித் திருட்டாகும்?

தராசு:
அதே தீர்ப்பை இன்னும் சில பக்கங்கள் புரட்டியிருக்கலாம். முன்னறிவிப்பு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் தந்தே ஆக வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. மேலும், இன்று வாகனக் கடன்களில் பெரும்பகுதி ஹைப்பாதிகேஷன். அதில் வண்டி வாங்கியவருடையது; நிறுவனத்துக்கு இருப்பது பிணை உரிமை. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது, சட்டப்படிதான் எடுக்க வேண்டும் என்று 2007இல் ஐசிஐசிஐ வங்கி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவணைமுறைக் கொள்முதலுக்கும் அது பொருந்தும் என்று 2011இல் சிட்டிகார்ப் மாருதி வழக்கில் சேர்த்துச் சொன்னது.

நான்காம்கியர்:
அடியாட்களை நான் ஆதரிக்கவில்லை, ஐயா. ஆனால் வீடு இருந்த இடத்திலேயே இருக்கும்; வண்டி ஒரே இரவில் மாநில எல்லையைத் தாண்டிவிடும். வழக்கு முடிவதற்குள் மிஞ்சுவது இரும்பு விலைதான். வண்டியை நிறுவனம் கைப்பற்றிய பிறகு அதன் பெயரில் புதிய பதிவுச் சான்று தர மோட்டார் வாகனச் சட்டம் 51ஆம் பிரிவு வழிசெய்கிறது. கைப்பற்றுவதே தவறென்றால் அந்தப் பிரிவு எதற்கு? அமெரிக்காவிலும் நீதிமன்றம் போகாமலே எடுக்கலாம்.

தராசு:
அந்த 51ஆம் பிரிவே, சான்றை மாற்றுவதற்கு முன் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் தகவல் அனுப்பி அவர் தரப்பைக் கேட்கச் சொல்கிறது. அமெரிக்காவில் ‘பொது அமைதி குலையாமல்’ எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரிட்டனை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவணைமுறைக் கொள்முதலில் மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது. மீறித் தொட்டால் ஒப்பந்தமே முடிந்துபோகும். வாங்கியவர் கட்டிய பணம் முழுவதையும் திருப்பிக் கேட்கலாம். இங்கே அவசரம் என்றால் நடுவர் தீர்ப்புச் சட்டம் (ஆர்பிட்ரேஷன்) 9ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு வாங்கும் வழி இருக்கிறது. நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தியும் வருகின்றன. அப்புறம் நடுச்சாலையில் சாவியைப் பிடுங்குவது எதற்கு?

பழையபதிவேடு:
வண்டி போன பிறகு நடப்பதை இருவருமே பேசவில்லை. உண்மையான அடி அங்கேதான் விழுகிறது. கைப்பற்றும் விதி ஒப்பந்தத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008இல் வங்கிகளுக்குச் சொன்னது: முன்னறிவிப்புக் காலம், எடுக்கும் முறை, விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு, ஏல முறை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வண்டியை ஒப்படைத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். தீராது. ஏலத்தில் குறைந்த தொகைக்குப் போனால் மீதிக்கு உங்கள்மீது வழக்கு வரும். கூடுதலாகப் போனால் மிச்சத்தை நீங்கள் கேட்கலாம். ஏல விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வசூல் ஆட்கள் ஒரு கடிதத்தை நீட்டி ‘போலீஸுக்குத் தெரியும்’ என்பார்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்த கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகாது.

நான்காம்கியர்:
ஏலம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் முன்னறிவிப்பு கிடைத்ததும் வண்டியை ஒளித்துவைப்பவரை என்ன செய்வது?

தராசு:
அவருக்காகத்தான் 9ஆம் பிரிவு. நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் வந்து எடுக்கட்டும். தேவையென்றால் போலீஸ் பாதுகாப்போடு வரட்டும். நிறுவனத்தின் ஆள் பம்பர் முன்னால் பைக்கை நிறுத்துவதும் இதுவும் ஒன்றல்ல.

நான்காம்கியர்:
அந்த ஆணையர் வருவதற்குள் டயர்கூட மிஞ்சாது என்கிறேன் நான்.