மறு: ‘பொதுக் கல்விப் பாடநெறி’ என்ற சொல் போதுமா? ‘விரிகல்வி’யைப் பரிந்துரைக்கிறேன்

அன்பின் நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போகும் தமிழ் மாணவருக்கான கையேட்டில் ‘ஜெனரல் எடியுகேஷன் கோர்ஸ்’ (எந்தத் துறை மாணவரும் தன் துறைக்கு வெளியேயும் எடுக்க வேண்டிய பாடநெறி) என்பதை எப்படி எழுதுவது என்று கோவை நண்பர் நம் குழுமத்தில் கேட்டிருந்தார். மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘பொதுக் கல்விப் பாடநெறி’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் சனிக்கிழமை மாலை யாழ்ப்பாணத்தில் என் வீட்டு விறாந்தையில் நடந்த ஒரு பேச்சுக்குப் பிறகு அந்தச் சொல்லை ஏற்க என்னால் முடியவில்லை.

கோப்பாயிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்திருந்தார்கள். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தவள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியல் படிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. நான்கு வருடத்துக்கான பாட அட்டவணையை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார் தகப்பன். சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்திருந்தார். வரலாறு ஒன்று, மெய்யியல் ஒன்று, இசையைக் கேட்டு உணர்வது பற்றி ஒன்று, கட்டுரை எழுதும் பயிற்சி இரண்டு.

“இவை என்ன பாடங்கள், மாஸ்டர்?”

“பொதுக் கல்விப் பாடநெறிகள்.”

அவர் தாளை உறைக்குள் திரும்ப வைத்தார். “பொதுக் கல்வியைத்தான் இவள் முடித்துவிட்டாளே. பதின்மூன்று வருடம் படித்தாளே. திரும்பவும் அதற்கு ஏன் டொலர் கட்ட வேண்டும்?”

அவர் கேட்டதில் பிழை இல்லை. இலங்கையில் பொதுக் கல்வி என்றால் முதலாம் தரம் முதல் பதின்மூன்றாம் தரம் வரையான பாடசாலைக் கல்வி. ‘பொதுக் கல்வி’, ‘உயர் கல்வி’ என்று அரச அறிக்கைகளும் பத்திரிகைகளும் இவற்றை இரண்டு வேறு கட்டங்களாகவே எழுதுகின்றன. உயர் கல்விக்குள் ஒரு பொதுக் கல்வி இருக்கிறது என்றால் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு அது படித்ததையே திரும்பப் படிப்பதாகத்தான் கேட்கும். பல்கலைக்கழகத்துக்குள்ளும் ‘பொது’வுக்கு வேறொரு சுமை உண்டு. பொதுப் பட்டம், சிறப்புப் பட்டம் என்ற பிரிவு இங்கே பல தலைமுறையாகப் பழகியது. பொதுப் பட்டம் என்றதும் ‘சிறப்புக்கு எடுபடவில்லையா’ என்று கேட்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். ஒரு மாணவி முழு மனதோடு போய் உட்கார வேண்டிய வகுப்புக்கு, வாசலிலேயே இப்படி ஒரு பெயர்ப் பலகையைத் தொங்கவிட வேண்டுமா?

பெயரைத் தேடுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். எந்தப் பாடநெறி இந்த வகைக்குள் வரும், எது வராது என்பதை அங்கே யார், எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்? அந்தத் தீர்மானத்தில்தான் சொல்லின் பொருள் இருக்கிறது.

ஒரு பல்கலைக்கழகத்துக்கும் இன்னொன்றுக்கும் நடைமுறை வேறுபடும். ஆனால் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். கற்பிக்கப் போகிறவர் விண்ணப்பத்தை எழுதுகிறார். பாடவிதானத்தின் மாதிரி, எந்தத் தொகுதிக்குள் சேர வேண்டும், என்ன கற்றல் பேறுகள், அவை கைகூடினவா என்பதை எந்த வேலையைக் கொடுத்துக் கணிப்பீடு செய்வார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அது முதலில் துறைக்குள் பேசப்படும். பிறகு கல்லூரியின் கலைத்திட்டக் குழு. அதன் பிறகு முழுப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான ஒரு குழு. இதில் வேதியியலாரும் வரலாற்றாசிரியரும் இசை கற்பிப்பவரும் ஒரே மேசையில் இருந்து மற்றவர் துறையின் விண்ணப்பத்தை வாசிக்கிறார்கள். அந்தக் குழு தேறியதென்று சொன்னவை பல இடங்களில் ஆசிரியர் மூதவைக்கு (ஆசிரியர்களின் செனட் சபைக்கு) போகும். ஒருமுறை தேறினால் என்றைக்கும் தேறியது என்று விடுவதும் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை மாணவரின் கட்டுரைகளையும் விடைத்தாள்களையும் எடுத்து வாசித்து, சொன்ன பேறு கிடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவதாகச் சொன்ன அந்தக் குழு என்ன கேட்கிறது? ‘இந்தத் துறைக்குள் இனி ஒருபோதும் காலடி வைக்காத மாணவர் ஒருவர் இதிலிருந்து எதைக் கொண்டு போவார்?’ அறிமுகப் பாடநெறிகள் எல்லாம் இந்தக் கேள்வியில் தேறுவதில்லை. வேதியியல் மாணவரை இரண்டாம் ஆண்டுக்குத் தயார்படுத்துவதற்காக மட்டும் எழுதப்பட்ட பாடநெறி திரும்பி வரலாம். அதே துறையின் ஆசிரியர் கிணற்று நீரின் நைத்திரேற்றை (நைட்ரேட்) அளப்பது பற்றி ஒரு பாடநெறி எழுதி, அளவீடு என்றால் என்ன, பிழை எங்கிருந்து வருகிறது, ஒரு எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கற்பித்தால், அது தேறும். பொருள் சிறியதாக இருக்கலாம், ஒரே ஒரு காப்பியமாகக் கூட இருக்கலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அள்ளிப் போட்ட பாடநெறிக்குத்தான் அங்கே வாய்ப்புக் குறைவு.

(நைத்திரேற்று உதாரணம் என்னுடையது. யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதியில் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதால் அதை எடுத்தேன்.)

எனவே, பொதுத்தன்மை பாடநெறியில் இல்லை. விரிவது கற்பவர். நான் ‘பொது’வை மறுப்பதற்கு இது முதற்காரணம், மேலே சொன்ன ஊர்க் குழப்பம் இரண்டாவதுதான்.

இனி இங்கே வந்த மற்றச் சொற்கள்.

> ‘அகலக் கல்வி’ என்று சொல்லலாமே. ஆழத்துக்கு எதிர் அகலம்.

மட்டக்களப்பு ஆசிரியை எழுதியது. கருத்து நேரானதுதான், அம்மா. ஆனால் தமிழில் அகலத்துக்கு நல்ல பெயர் இல்லை. ‘அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்’ என்பார்கள். ‘அகலக் கால் வைக்காதே’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட காதில் இந்தப் பழமொழிகள்தான் முதலில் ஒலிக்கும். பிறகு நாம் எத்தனை பக்கம் விளக்கம் எழுதினாலும் சொல் நமக்கு எதிராகவே வழக்காடும்.

‘பன்முகக் கல்வி’ என்பது ஒரே பாடநெறிக்குள் பல துறைகள் கலப்பதைச் சொல்கிறது. அது வேறு ஏற்பாடு, அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம். ‘அடிப்படைக் கல்வி’ ஆரம்பப் பாடசாலையைச் சுட்டும். ‘தாராளக் கல்வி’யை ஒருவர் விளையாட்டாக எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், ஆனாலும் அது ‘லிபரல் எடியுகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டதுபோல் இருக்கிறது.

நான் முன்வைப்பது ‘விரிகல்வி’. பாடநெறி என்று சேர்க்கும்போது ‘விரிகல்விப் பாடநெறி’. விரிகுடா, விரிகதிர் என்று நமக்குப் பழகிய வார்ப்புத்தான். வினைத்தொகை ஆதலால் இடையில் வல்லினம் மிகாது. ‘விரிக்கல்வி’ என்று எழுதிவிட வேண்டாம். வினைத்தொகைக்கு முக்காலமும் உண்டு: விரிந்த கல்வி, விரிகின்ற கல்வி, விரியும் கல்வி. பாடநெறி முடிந்த பிறகும் கற்றவரிடம் அது விரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அந்தக் குழுவும் எதிர்பார்க்கிறது. இரண்டு சீரில் இவ்வளவையும் சொல்லும் வசதி நம் மொழியில் இருக்கும்போது மூன்று சொற்களை ஏன் அடுக்க வேண்டும்?

விரிகல்வியின் உட்பிரிவுகளுக்கும் பெயர் வேண்டும். இயற்கை விஞ்ஞானத்தில் இத்தனை, மனிதப் பண்பியல் பாடங்களில் இத்தனை, கணித நியாயத்தில் ஒன்று என்று மாணவர் எடுக்க வேண்டிய நிபந்தனைக்கு நண்பர்கள் ‘பகிர்வுத் தேவை’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அது விளங்கவே சில நிமிடம் ஆனது. விறாந்தையில் இருந்த அந்த மகள் இதைத் தீர்த்துவைத்தாள். தகப்பனுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டு, “ஓ.எல்.லில் தொகுதிப் பாடம் எடுத்தோமே, அப்பா, அதைப்போல” என்றாள். தகப்பனுக்கு உடனே விளங்கிவிட்டது. சாதாரண தரத்தில் (பதினோராம் தரத்துப் பொதுப் பரீட்சையில்) முதலாம் தொகுதியில் ஒன்று, இரண்டாம் தொகுதியில் ஒன்று, மூன்றாம் தொகுதியில் ஒன்று என்று பிள்ளைகள் தெரிவுசெய்வதை இங்கே அறியாத வீடு இல்லை. ‘தொகுதி’ என்றே வைப்போம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது தேர்தல் தொகுதியாகக் கேட்கலாம். ‘பாடத் தொகுதி’ என்றால் அந்தத் தடையும் நீங்கும்.

அடுத்து, கையேட்டின் வரைவில் நான் கண்ட ஒரு பெரிய பிழை.

> பீடம் மீளாய்வு செய்து அங்கீகரித்த பின்னரே பாடநெறி அட்டவணையில் சேரும்.

இந்த ஒரு வரியில் மூன்று சொற்கள் சறுக்கியிருக்கின்றன. ‘ஃபாகல்டி’ என்ற சொல் நமக்குப் பீடம்: கலைப்பீடம், மருத்துவ பீடம். அமெரிக்காவில் அது கற்பிக்கும் ஆட்களைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் இந்த வரியை வாசிப்பவர் பீடாதிபதி தலைமையில் கூடும் பீடச் சபையைத்தான் நினைப்பார். அங்கே நடப்பதோ ஆசிரியர்கள் தங்களுக்குள் கூடி முடிவெடுப்பது. பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது கற்பிப்பவரின் உரிமை என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர். அதைப் ‘பீடம்’ என்று எழுதினால் அந்த உயிர் போய்விடுகிறது. ‘ஆசிரியர் குழாம்’ என்று எழுதுங்கள். இதே காரணத்துக்காகத்தான் மேலே ‘ஆசிரியர் மூதவை’ என்றேன். வெறும் ‘மூதவை’ என்றால், துணைவேந்தர் தலைமையில் பீடாதிபதிகளும் துறைத் தலைவர்களும் பேராசிரியர்களும் அமரும் எங்கள் சபை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் வகுத்த அமைப்பு அது. அமெரிக்க ஆசிரியர் மூதவையில் பெரும்பாலும் ஆசிரியர்களே தங்களுள் தெரிவுசெய்தவர்கள் இருப்பார்கள்.

‘மீளாய்வு’ என்பது ஒருமுறை ஆய்ந்ததைத் திரும்ப ஆய்வது. புதிய விண்ணப்பத்துக்குப் ‘பரிசீலனை’ போதும். சில வருடம் கழித்து நடப்பதுதான் மீளாய்வு. ‘அங்கீகாரம்’ என்பதை முழுப் பல்கலைக்கழகத்துக்கும் வெளி அமைப்பு வழங்கும் தகுதிச் சான்றுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பாடநெறிக்குக் கிடைப்பது ‘ஒப்புதல்’. இவை இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், குழு ஒரு பாடநெறியைத் திருப்பி அனுப்பியது என்ற செய்தியைப் பல்கலைக்கழகமே அங்கீகாரம் இழந்ததாக யாராவது வாசித்துவிடுவார்கள்.

பாடநெறியின் கற்றல் அளவைக் கணக்கிடும் அலகான கிரெடிட்டைக் கிரெடிட் என்றே விடலாம் என்பது என் எண்ணம். ஆனால் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் எங்கள் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 மணிநேரக் கற்றல். சிறப்புப் பட்டத்துக்கு 120. அமெரிக்க இளநிலைப் பட்டமும் வழக்கமாக 120தான். ஆனால் அங்கே ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 15 வாரத்துக்கு, வாரம் ஒரு மணிநேர வகுப்பும் வெளியே இரண்டு மணிநேர வேலையும். எண் ஒத்திருப்பதால் மாணவர் மயங்கக் கூடாது. முக்கியமான வேறுபாடு இதுதான்: எங்கள் 120இல் பெரும்பகுதி ஒரே துறை, அவர்களின் 120இல் கணிசமான பங்கு விரிகல்வி.

> இது முற்றிலும் அந்நிய ஏற்பாடு. தமிழில் சொல் தேடுவதே வீண், ஒலிபெயர்த்துவிடுவோம்.

இதை எழுதிய ஐயாவுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினார்கள். அங்கே படித்த பிள்ளைகள் கணிதமும் வானியலும் தமிழும் சேர்த்தே படித்தார்கள். அங்கிருந்து போனவர்தான் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். மற்றவரான விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டை மாணவரே. அரச கணக்கு வேலையும் பார்த்து, சட்டமும் படித்து, கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த மனிதரை எந்த ஒரு துறைக்குள் அடைப்பது? செமினரி 1855இல் மூடப்பட்டது. அந்தக் கல்விக்கு அன்று தமிழில் ஒரு பெயர் வைக்காமல் போனோம், அவ்வளவுதான்.

ஒலிபெயர்ப்பையும் இந்த மண் பார்த்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் இரசாயனவியலைக் ‘கெமிஸ்தம்’ என்றார். உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்றார். ஒன்று ஒலிபெயர்ப்பு, மற்றது ஆக்கம். இரண்டுமே இன்று வழக்கில் இல்லை. சொல் நிலைப்பதும் போவதும் பிறகு வருகிறவர்களின் கையில். ஆனால் அந்தச் சொற்களால் அன்று மானிப்பாயில் தமிழிலேயே படித்த இளைஞர்கள் மருத்துவர் ஆனார்கள். நம் கையேட்டுக்கும் அந்த அளவு பயன் போதும்.

கடைசியாக, என் சொல்லில் எனக்கே இருக்கும் ஒரு சிக்கல். விவசாயத்தில் ‘விரிவாக்கம்’ என்ற சொல் ஊன்றிவிட்டது: ஆய்வுக்கூடத்தில் கண்டதை உத்தியோகத்தர்கள் தோட்டக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ‘விரிவாக்கக் கல்வி’ என்பதும் புழக்கத்தில் இருக்கிறது. வேகமாக வாசிக்கும் ஒருவர் ‘விரிகல்வி’யை அதன் சுருக்கமாக எடுத்துக்கொள்வாரா? எடுக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் நான் விவசாயத் துறையில் இல்லை. கிளிநொச்சியில் விவசாயம் கற்பிக்கும் நண்பர்கள் இருவர் இந்தக் குழுமத்தில் இருக்கிறீர்கள். உங்கள் மாணவர் நாலைந்து பேரிடம், விளக்கம் எதுவும் சொல்லாமல், கீழேயுள்ள வரியைக் கொடுத்து என்ன விளங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள்:

‘இசை பற்றிய இந்த விரிகல்விப் பாடநெறி, ஆசிரியர் குழாத்தின் பரிசீலனைக்குப் பின் கலைகள் என்ற பாடத் தொகுதியில் ஒப்புதல் பெற்றது.’

அவர்கள் தோட்டத்தையும் உத்தியோகத்தரையும் சொன்னால் சொல்லை மீளப்பெற்றுக்கொள்கிறேன். கோப்பாய்த் தகப்பனிடம் அடுத்த சனிக்கிழமை இதே வரியை நான் காட்டுகிறேன்.

அன்புடன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணத்திலிருந்து