அறிபுனைத் தொடர்களில் தொழில்நுட்பத் தவறுகள்: எதை நோண்டலாம், எதை விட்டுவிடலாம்?

மூன்றாம்_விதி கேட்டது:

விண்வெளித் தொடர் ஒன்றை எபிசோட் எபிசோடாக அலசும் குழுவுக்குத் தொழில்நுட்பக் குறிப்புகள் எழுத வேண்டும். பட்டியல் அனுமார் வால் மாதிரி நீள்கிறது. வெற்றிடத்தில் வெடிச் சத்தம், செல்லாத ஐபி முகவரி, மங்கலான கேமரா படத்தைப் பெரிதாக்கி நம்பர் பிளேட் படிப்பது, சுழலும் கப்பலில் பூமியில் நடப்பது போல நடப்பது. எல்லாவற்றையும் போட்டால் 'நக்கீரர் வந்துட்டார்' என்கிறார்கள். விட்டால் 'இதுகூடக் கண்ணில் படலையா, நீயெல்லாம் கீக்கா (தொழில்நுட்பப் பித்தனா)' என்கிறார்கள்.

கேட்க விரும்புவது இரண்டு. எந்தத் தவறு சொல்லத் தகுந்தது என்று எப்படி முடிவு செய்வது? திரையில் தெரிவதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடியுமா?

---

சுழலி:

சத்தத்தை முதலில் தள்ளுங்கள். அது பின்னணி இசை மாதிரி. கதாபாத்திரங்களுக்குக் கேட்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒளியை மிஞ்சும் வேகத்தையும் தள்ளுங்கள். ஒரு தொடருக்கு ஒரு பெரிய பொய் சொல்ல உரிமை உண்டு. அந்தப் பொய்க்கு அதுவே போட்ட விதியை அது மீறும்போதுதான் உங்கள் வேலை ஆரம்பம். செவ்வாய்க்குச் செய்தி போக ஒரு வழிக்கு 3 முதல் 22 நிமிடம் ஆகும். இரண்டாவது எபிசோடில் இந்தத் தாமதத்தை வைத்தே பதற்றம் உண்டாக்கிவிட்டு, ஏழாவதில் நாயகன் செவ்வாயிலிருந்து பூமியோடு நேருக்கு நேர் பேசினால் அதை எழுதுங்கள். அங்கே அடிவாங்குவது இயற்பியல் இல்லை, கதை.

சுழல் ஈர்ப்பைத் திரையிலிருந்தே அளக்கலாம். சூத்திரம் ஒன்றுதான்:

ஈர்ப்பு (பூமியின் மடங்கில்) = 0.00112 × ஆரம் (மீட்டர்) × நிமிடச் சுற்று × நிமிடச் சுற்று

ஆரத்துக்கு, முழு வளையமும் தெரியும் காட்சியில் நிறுத்தி, அதில் நிற்கும் ஆளின் உயரத்தை 1.7 மீட்டர் என்று வைத்து, மையம் வரை எத்தனை ஆள் உயரம் என்று எண்ணுங்கள். ஆளும் மையமும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஆள் முன்னால் நின்றால் பெரிதாகத் தெரிவார், ஆரம் குறைந்துபோகும். சுற்றும் நேரத்துக்கு, ஜன்னலில் நட்சத்திரம் ஒரு சுற்று வருவதை ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். வெளிப்புறக் காட்சியை நம்பவே வேண்டாம். அழகுக்காக அதைப் பெரும்பாலும் மெதுவாக்கியிருப்பார்கள்.

30 மீட்டர் ஆரம், 20 வினாடிக்கு ஒரு சுற்று என்று வைப்போம். நிமிடத்துக்கு 3 சுற்று. 0.00112 × 30 × 9 = 0.30. அதாவது செவ்வாயின் ஈர்ப்பைவிடக் கொஞ்சம் குறைவு. நடிகர் பூமி நடை நடந்தால் புகார் செல்லும். அதே வளையத்தில் முழு ஈர்ப்பு வேண்டுமென்றால் 11 வினாடிக்கு ஒரு சுற்று தேவை. அந்த வேகத்தில் தலையைத் திருப்பினாலே பலருக்குக் குமட்டும். பழக்கமில்லாதவர்களுக்கு நிமிடத்துக்கு 2 சுற்று வரை தொந்தரவில்லை என்பது வழக்கமான வடிவமைப்பு எல்லை. அதற்குள் முழு ஈர்ப்பு கிடைக்க ஆரம் 224 மீட்டர் இருக்க வேண்டும்.

பாராட்டு வாங்கிய காட்சிகளையும் இப்படிச் சோதியுங்கள். 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரில், சுழலவிடப்பட்ட சீரிஸ் என்ற குறுங்கோளுக்குள் இருக்கும் நிலையத்தில் மதுவை ஊற்றும்போது தாரை வளைந்து விழும். சுழற்சியைக் காட்டிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொண்டாடிய காட்சி. கீழே விழும் பொருள் பக்கவாட்டில் விலகும் தூரம் ஏறக்குறைய உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பெருக்கல் (2 × உயரம் ÷ ஆரம்) என்பதன் வர்க்கமூலம். சுற்றும் வேகம் இந்தக் கணக்கில் வரவே வராது. 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஊற்றினால் 30 மீட்டர் வளையத்தில் விலகல் 3 சென்டிமீட்டர். கோப்பையின் விளிம்பில் சிந்தும். ஆனால் சீரிஸின் ஆரம் சுமார் 470 கிலோமீட்டர். அங்கே விலகல் கால் மில்லிமீட்டர்கூட வராது. குடியிருப்பு உள்ளே ஆழத்தில், மையத்திலிருந்து 100 கிலோமீட்டரில் இருந்தாலும் அரை மில்லிமீட்டர்தான். கணக்கு தப்பு. ஆனாலும் இந்த இடம் சுழல்கிறது என்று ஒரே ஷாட்டில் பார்ப்பவனுக்குப் புரியவைக்கிறதே. நான் அதைக் குற்றப் பட்டியலில் சேர்க்க மாட்டேன், அடிக்குறிப்பில் போடுவேன்.

---

பைட்_பித்தன்:

கம்ப்யூட்டர் பக்கம் நான் சொல்றேன். ஐபி முகவரியை விட்டுடுங்க, அது தவறே இல்லை. நாலு எண்ணும் 0 முதல் 255க்குள்ள இருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். 300, 400ன்னு போடறது வேணும்னே போடறது, யாரோ ஒருத்தரோட நிஜ முகவரி திரையில வந்துடக் கூடாதுன்னு. இதுக்குன்னே ஒதுக்கின தொகுப்புகளும் இருக்கு: 192.0.2, 198.51.100, 203.0.113ல ஆரம்பிக்கிறது மூணும். ஆர்எஃப்சி 5737ங்கற இணையத் தொழில்நுட்ப ஆவணத்துல இருக்கு, வருஷம் 2010. இந்த மூணுல ஒண்ணைப் போட்டிருந்தா கலைக்குழுவுல விவரமான ஆள் இருக்கார்னு அர்த்தம். அதைப் பாராட்டி ஒரு வரி எழுதுங்க.

நம்பர் பிளேட் விஷயத்துல மட்டும் தாராளமா அடிக்கலாம். 1920 பிக்சல் அகலக் கேமரா, காட்சியில 20 மீட்டர் அகலத் தெரு. மீட்டருக்கு 96 பிக்சல் வருது. பிளேட் அரை மீட்டர், அப்போ 48 பிக்சல். அதுல இடைவெளியோட பத்து எழுத்துன்னா ஆளுக்கு 5 பிக்சல்கூடத் தேறாது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரே ஒரு எழுத்துக்கு 5க்கு 7 புள்ளி எடுத்துக்கும், அதுவும் சுத்தமான கறுப்பு வெள்ளையில. இங்கே வீடியோ சுருக்கம் வேற அந்த அஞ்சு பிக்சலையும் குழப்பிவிடும். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர்ல ஓடுதுன்னா வினாடிக்கு 10 மீட்டர். ராத்திரி ஷட்டர் 1/30 வினாடின்னா வண்டி குறுக்கே போகும்போது படம் 33 சென்டிமீட்டர் இழுபடும். பிளேட்ல மூணுல ரெண்டு பங்கு கோடாயிடும். எத்தனை முறை பெரிசாக்கினாலும் இல்லாத தகவல் வராது. முன்பின் தெரியாத ஒருத்தரை அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 பிக்சல் வேணும்னு கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 தரநிலையோட 2014 பதிப்பு சொல்லுச்சு. தெரிஞ்ச ஆளைக் கண்டுபிடிக்கவே 125.

இதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சேர்த்து எழுதுங்க, இல்லைன்னா உங்களை ஒருத்தர் வந்து நோண்டுவார். நிக்கிற வண்டியோட பல ஃபிரேம்கள் இருந்து, கேமரா லேசா ஆடியிருந்தா, அதையெல்லாம் அடுக்கி நிஜமாவே கூடுதல் விவரம் எடுக்கலாம். ஒரே ஒரு ஃபிரேம்ல முடியாது. ஏஐ வச்சுத் தெளிவாக்கறாங்கன்னா அது எழுத்தைக் 'கண்டுபிடிக்கலை', நம்பும்படியா ஒரு எழுத்தை வரையுது. அதை நீதிமன்றத்துல சாட்சியா வைக்கிற எபிசோட் வந்தா விடாதீங்க.

இன்னொண்ணு, புகார் சொல்றதுக்கு முன்னாடி தேடிப் பாருங்க. 1993ல வந்த 'ஜுராசிக் பார்க்'ல கட்டடம் கட்டடமா கோப்புகள் தெரியற திரையைப் பார்த்து 'இதுவா யூனிக்ஸ் இயங்குதளம்'னு சிரிக்காத கீக் கிடையாது. அது எஸ்ஜிஐ கணினிக்காக எழுதின எஃப்எஸ்என்ங்கற நிஜ மென்பொருள். அதே மாதிரி 2003 'மேட்ரிக்ஸ் ரீலோடட்'ல ட்ரினிட்டி ஓட்டறது நிஜமான என்மேப், நெட்வொர்க்ல திறந்திருக்கிற வாசல்களைத் தேடற மென்பொருள். அடுத்து அவர் பயன்படுத்தற ஓட்டையும் எஸ்எஸ்ஹெச்ல (தொலைவுக் கணினிக்குள்ள பாதுகாப்பா நுழையற முறை) 2001ல வெளியான நிஜ ஓட்டைதான்.

---

கரும்பொருள்:

எல்லோரும் சத்தத்தைப் பிடிக்கிறார்கள், வெப்பத்தை யாரும் பிடிப்பதில்லை. விண்வெளித் தொடர்களில் மிகப் பெரிய ஓட்டை அதுதான். வெற்றிடம் குளிர்ச்சியானது என்று நினைத்துக் கப்பலை உறைய வைக்கிறார்கள். காற்று இல்லாத இடம் பிளாஸ்க் மாதிரி. சூட்டை வெளியே விடுவதுதான் கஷ்டம். கதிர்வீச்சைத் தவிர வேறு வழி கிடையாது.

500 டன் கப்பல், ஒரு ஜி (பூமியின் ஈர்ப்பு அளவு) முடுக்கம், செவ்வாய் பூமியை நெருங்கும்போது சராசரியாக 7.8 கோடி கிலோமீட்டரில். பாதி தூரம் வேகமெடுத்து, பாதி தூரம் திரும்பி வேகம் குறைத்தால் பயணம் சுமார் 50 மணி நேரம். தொடர்களில் 'இரண்டு நாள்' என்று சொன்னால் அது சரி, அதை நோண்ட வேண்டாம். ஆனால் உந்துவிசை 49 லட்சம் நியூட்டன். வெளியேறும் வாயு வினாடிக்கு 1000 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் அந்தத் தாரையின் திறன் இரண்டையும் பெருக்கியதில் பாதி, 2.45 டெராவாட். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே கப்பலுக்குள் வெப்பமாகத் தங்கினாலும் 24.5 ஜிகாவாட். வெளியேற்றாவிட்டால்? 500 டன் எஃகின் வெப்ப ஏற்புத்திறனை வைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு வினாடிக்கும் கிட்டத்தட்ட 98 டிகிரி ஏறும். கால் நிமிடத்தில் கப்பல் உருகத் தொடங்கிவிடும்.

1500 கெல்வினில் ஒளிரும் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து, 574 கிலோவாட் வெளியே விடும். அப்படியானால் சுமார் 43,000 சதுர மீட்டர் தகடு வேண்டும். ஆறு கால்பந்து மைதானம். கதாசிரியருக்கு ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது: வெப்பநிலையை இரட்டிப்பாக்கினால் பரப்பு 16 மடங்கு குறையும். 3000 கெல்வினில் 2,700 சதுர மீட்டர் போதும். ஆனால் அது வெண்மையாகத் தகதகக்கும். அந்தக் கப்பல் எதிரியிடமிருந்து ஒளிந்துகொண்டது என்று மட்டும் எழுத முடியாது.

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' கப்பலின் முதல் வரைவுகளில் இந்தத் தகடுகள் இருந்தன. சிறகு என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்று எடுத்துவிட்டார்கள். 2009இல் வந்த 'அவதார்' படத்தின் கப்பலில் செந்நிறமாக ஒளிரும் தகடுகளை வைத்தார்கள். முதலாவதை அறியாமை என்று எழுதினால் நீங்கள்தான் தப்பு. தெரிந்தே செய்த தேர்வு அது.

---

ஓரக்குறிப்பு:

'நீயெல்லாம் கீக்கா' என்பவர்களுக்குப் பதில். யார் எதைப் பிடிக்கிறார்கள் என்பது அவரவர் தொழிலைத்தான் காட்டும். நெட்வொர்க் ஆள் ஐபியைப் பார்ப்பார். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது நெஞ்சில் ஷாக் கொடுப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். அந்த நிலைக்கு நெஞ்சு அழுத்தமும் அட்ரினலினும்தான், ஷாக் இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது. இருவரில் யார் அசல் கீக் என்று கேட்பது வெட்டிப் பேச்சு. ஐபியைக் கவனிக்காத செவிலியரைத் துரத்திவிட்டால் அடுத்த மருத்துவக் காட்சியைச் சரிபார்க்க உங்கள் குழுவில் ஆள் இருக்காது.

நோண்டுவது வம்பு என்பவர்களும் கொஞ்சம் வரலாறு பார்க்கலாம். அறிபுனை எழுத்தாளர் ஹால் கிளெமென்ட் 1953லேயே இதை எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடக்கும் ஆட்டம் என்றார்: வாசகர் தவறு கண்டுபிடிக்க வேண்டும், எழுத்தாளர் இடம் கொடுக்கக் கூடாது. லாரி நிவென் 1970இல் 'ரிங்வேர்ல்ட்' நாவலை எழுதினார், ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வளைய உலகம். அடுத்த வருட உலக அறிபுனை மாநாட்டில் எம்ஐடி மாணவர்கள் 'அந்த வளையம் நிலையாக நிற்காது' என்று கோஷம் போட்டார்கள். அவர்கள் சொன்னது சரி: திடமான வளையம் லேசாக நகர்ந்தால் ஈர்ப்பு அதை மேலும் தள்ளும், கடைசியில் நட்சத்திரத்தில் போய் இடிக்கும். நிவென் கோபித்துக்கொள்ளவில்லை. அதன் தொடர்ச்சி நாவலில் வளையத்தின் ஓரத்தில் நிலைநிறுத்தும் ராக்கெட்டுகளை வைத்தார், கதையே அவற்றைச் சுற்றித்தான். கோஷத்துக்குப் பின்னால் கணக்கு இருந்ததால்தான் அது நாவலானது.

---

மூன்றாம்_விதி:

அருமை. வெப்பக் கணக்கில் ஒரு சந்தேகம், @கரும்பொருள். கப்பலின் எடையைத் தொடர் சொல்லவே இல்லை. திரையிலிருந்து எப்படி எடுப்பது?

---

கரும்பொருள்:

நீளத்தை ஏர்லாக் (கப்பலிலிருந்து வெற்றிடத்துக்கு வெளியேறும் அறை) கதவை வைத்து அளங்கள், கதவு 2 மீட்டர் உயரம் என்று எடுத்துக்கொள்ளலாம். நீளம் × சராசரி அகலம் × சராசரி உயரம், கூர்முனைக்காக அதில் பாதி. அடர்த்திக்குச் சர்வதேச விண்வெளி நிலையத்தை வையுங்கள்: சுமார் 420 டன், காற்றடைத்த கொள்ளளவு சுமார் 1000 கன மீட்டர், ஆக கன மீட்டருக்கு 0.4 டன். கவசம் போட்ட போர்க்கப்பல் என்றால் 1 டன் வரை போகலாம். எரிபொருளைத் தனியே கூட்டுங்கள். விடையை ஒரே எண்ணாக எழுதாதீர்கள், '400 முதல் 1000 டன்' என்று எழுதுங்கள். குறைந்த எண்ணிலேயே கப்பல் உருகிவிடுகிறது என்றால் புகார் நிற்கும். அதிக எண்ணில் மட்டும்தான் உருகுகிறது என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.